ஜன்னலோர முகமும் மூன்று மென்பொருள்களும்: லைட்ரூம், டார்க்டேபிள், ஸ்னாப்சீட்

ஒரே படத்தை மூன்று மென்பொருள்களில் திருத்திப் பார்ப்பது என்று முடிவு செய்ததும், இருப்பதிலேயே மோசமான படமாகத் தேடி எடுத்தேன். ஜன்னல் அருகே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வானம் வெள்ளை வெளேரென்று இருக்க, முகம் இருண்டு கிடக்கிறது. போதாக்குறைக்கு அறைக்குள் மஞ்சள் பல்பு வேறு. நன்றாக விழுந்த படத்தை எந்த மென்பொருளும் அழகாகத்தான் காட்டும். சாயம் வெளுப்பது இந்த மாதிரிப் படத்தில்தான்.

திறந்தது ரா கோப்பு, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இருட்டான முகத்தை மேலே தூக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜேபெக்கில் கன்னத்தில் திட்டுத் திட்டாக வந்துவிடும். ஆனால் ராவிலும் மூன்று வண்ணங்களும் நிரம்பி வழிந்துவிட்ட வானத்தை யாராலும் மீட்க முடியாது. அங்கே தகவலே இல்லை.

முதலில் அடோபியின் லைட்ரூம். 2007-இலிருந்து இருக்கிறது, சந்தா கட்ட வேண்டும். ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகள்) கீழே, ஷேடோவை (இருண்ட பகுதிகள்) மேலே, எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சம்) கொஞ்சம் கூட்டு. அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முகம் தெரிந்துவிட்டது. மிக வெளிச்சமான பகுதிகளுக்கான ஒயிட்ஸ் ஸ்லைடரை நகர்த்தும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் எந்த இடம் வெளுக்கிறது என்று தனியாகக் காட்டும். பலருக்குத் தெரியாத வசதி இது, எனக்கோ இது இல்லாமல் கை ஓடாது. குறை என்னவென்றால், இந்த ஸ்லைடர்கள் படத்தைப் பார்த்துத் தாங்களே பல வேலைகளைச் செய்கின்றன. ஷேடோவை நூறு வரை இழுத்தால் முகத்தில் மேடு பள்ளமே இல்லாமல் தட்டையாகிவிடும். ஏன் அப்படி ஆனது, எங்கே போய்ச் சரிசெய்வது என்று அது சொல்வதில்லை.

டார்க்டேபிள் நேர்மாறு. 2009-இல் வந்த திறமூல மென்பொருள், இலவசம். திறந்தவுடன் பாதிப் பேர் மூடிவிடுவார்கள், அவ்வளவு மாட்யூல்கள் (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கருவி). அதோடு அது வேலை செய்யச் சொல்லும் வரிசையே வேறு. வானம் வெளுத்தாலும் கவலைப்படாதே, முதலில் எக்ஸ்போஷரில் முகத்தின் வெளிச்சத்தைச் சரியாக வை என்கிறது. அப்புறம் சிக்மாய்டு அல்லது ஃபில்மிக் மாட்யூல் மொத்த வெளிச்சத்தையும் திரையின் எல்லைக்குள் மடக்கிக் கொண்டுவரும். லைட்ரூம் திரைக்குப் பின்னால் செய்வதை இங்கே நாமே செய்கிறோம்.

இதில் என்னைக் கவர்ந்தது டோன் ஈக்வலைசர். படத்தில் இருட்டான ஒரு இடத்தின் மேல் மவுஸை வைத்து உருட்டினால், அந்த அளவு வெளிச்சம் உள்ள பகுதிகள் மட்டும் ஏறும், இறங்கும். ஸ்லைடர் பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதன் உள் மாஸ்க்கை (எந்தப் பகுதி மாற வேண்டும் என்று பிரித்துக் காட்டும் மறைப்பு) ஒழுங்காக அமைத்துவிட்டால் முகம் மேலே வந்த பிறகும் மூக்கின் நிழல் மூக்கின் நிழலாகவே இருக்கிறது. மாஸ்க் சொதப்பினால் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்து, உட்கார்ந்திருப்பவர் சாமி படம் மாதிரி ஆகிவிடுவார்.

சரி, நிறம். உண்மையான சிக்கல் இங்கேதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின், மஞ்சள் பல்பு 2,700 பக்கம். ஜன்னலுக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) வைத்தால் கன்னம் ஆரஞ்சாகிறது. பல்புக்கு ஏற்ப வைத்தால் ஜன்னல் பக்கம் நீலம் பூத்துவிடுகிறது. ஒரே ஸ்லைடரால் தீராத வழக்கு. லைட்ரூமில் ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு, ஜன்னல் பக்கக் கன்னத்தை பிரஷ்ஷால் கழித்துவிட்டு, மிச்சத்தில் நிறத்தின் வெப்பத்தை, அதாவது மஞ்சளை, குறைத்தேன். மாஸ்க்குக்குள் கெல்வின் எண் கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். டார்க்டேபிளில் நிறத்தைச் சரிசெய்யும் கலர் காலிப்ரேஷன் மாட்யூலை இரண்டு முறை போடலாம். ஒன்று முழுப் படத்துக்கு. இன்னொன்று மஞ்சள் ஏறிய பகுதிக்கு மட்டும். அந்தப் பகுதியை நிறத்தை வைத்தே பிரித்துத் தருகிறது. புதிதாக வருபவர்களுக்கு ஒன்று: இந்த முறையில் ஒயிட் பேலன்ஸ் என்ற இன்னொரு மாட்யூலையும் தொடாதீர்கள். தொட்டால் இரண்டும் சண்டை போட்டு நிறம் எங்கேயோ போகும்.

தோல் நிறத்தில் மட்டும் லைட்ரூம் ஒரு படி மேல். கேமரா நிறுவனத்தின் நிறத்தைப் போலவே தரும் புரொஃபைல்கள் இருப்பதால், தொடங்கும் இடமே நன்றாக இருக்கிறது. டார்க்டேபிளில் தொடங்கும் இடம் சோகையாக இருக்கும். அங்கிருந்து நாம்தான் கட்டி எழுப்ப வேண்டும்.

ஸ்னாப்சீட்டை இந்த இரண்டோடு சேர்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கைப்பேசிக்கான இலவசச் செயலி. இதன் செலக்டிவ் கருவியில் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து வட்டத்தைச் சுருக்கினால், அந்த வட்டத்துக்குள் அதே நிறமுள்ள இடம் மட்டும் வெளிச்சமாகும். மாஸ்க் என்ற சொல்லே தெரியாதவர்கூட மாஸ்க் வேலை செய்துவிடலாம். கலப்பு வெளிச்சத்தில் திணறும்தான். ஆனால் ஜேபெக் படத்தைச் சும்மா அனுப்பி வைக்க இது போதும். ஆம்பியன்ஸ் ஸ்லைடரை மட்டும் எல்லை வரை இழுக்காதீர்கள், படம் சுவரொட்டி ஆகிவிடும்.

ரா தெரபி, கிம்ப் என்ற இலவச மென்பொருள்களைப் பற்றியும் கேட்பார்கள். ரா தெரபி வெளுத்த பகுதிகளை மீட்பதில் கெட்டி; கையால் மாஸ்க் தீட்டிப் பழகியவர்களுக்கு புள்ளி வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் அதன் முறை ஒத்துவராது. கிம்ப் ராவைத் தானாகத் திறக்காது, டார்க்டேபிளிடமோ ரா தெரபியிடமோதான் அனுப்பும். எனவே இந்த ஆட்டத்தில் அது இல்லை.

கடைசியில் அந்த ஜன்னலோரப் படத்துக்கு டார்க்டேபிளில் செய்ததையே வைத்துக்கொண்டேன். ஒரு மாலை முழுக்கப் போனது. அதே அறையில் எடுத்த மீதிப் படங்கள் லைட்ரூமுக்குப் போயின. ஒன்றில் செய்ததை நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு படத்திலும் ஆள் இருக்கும் இடத்தை அதுவே புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்கிறது, நான் பார்த்து பார்த்து வரைய வேண்டியதில்லை.