பழைய துணி குவில்ட்: சென்னை வீட்டுக்கு எது ஒத்துவரும்?

சென்னையில் தினமும் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை வேண்டுமா? மூன்று பழைய நூல் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் ஓடு தையல் போட்டதற்கு மிஞ்சி எதுவும் கிடையாது. சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி மிஷினில் இணைத்த குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வை) பார்வைக்கு அதைவிட எடுப்பாக இருக்கும். சோபாவுக்கும் சுவருக்கும் அது பொருத்தம். ஜீன்ஸ் குவில்ட் தரையில் விரிக்க மட்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று தையல் கடையிலிருந்து வெட்டுத் துண்டுகளை மூட்டை கட்டி வருவதை, புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

இப்படிச் சொல்வதற்கு முதல் காரணம் நம் ஊர் வானிலை. இணையத்தில் நாம் பார்க்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் இருந்து வருபவை. மேல்துணி, நடுவில் கனமான பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கு வைப்பார்கள். இங்கே ஜனவரி விடியற்காலையில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏசியை 25, 26-ல் வைத்துத் தூங்குகிறவருக்கும் மெல்லிய போர்வையே போதும். அதைவிட முக்கியம் துவைப்பது. நம் வியர்வைக்கு அடிக்கடி துவைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனமான குவில்டைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டால், இரண்டு மூன்று நாள் உள்ளீரம் போகாமல் கிடந்து வாடை பிடித்துவிடும். அதனால் எந்தத் துணியை எடுத்தாலும், எந்த முறையில் தைத்தாலும் நான் பார்ப்பது இரண்டுதான்: போர்த்தினால் புழுங்குமா, துவைத்தால் சீக்கிரம் காயுமா?

நூல் புடவையும் ஆபீஸ் சட்டையும்

ஆறு கஜப் புடவை 216 அங்குல நீளம், ஏறக்குறைய 45 அங்குல அகலம். குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கம் வைத்து இணைத்தால் 108-க்கு 90 அங்குலம் வரும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60-க்கு 90 போதும். ஆக, ஒரு புடவையில் ஒரு முகம் தாராளமாக வந்துவிடும். நைந்த இடங்களை ஒதுக்கவும் துணி மிஞ்சும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சாயம் வெளுத்த ஒன்று, அவ்வளவுதான். துண்டு வெட்டும் வேலையே இல்லை. வருஷக்கணக்கில் துவைத்த துணி என்பதால் இனிமேல் சுருங்காது. அந்த மென்மை எந்தக் கடைத் துணியிலும் வராது.

ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் எந்தப் புடவையிலும் கத்தரி வைக்காதீர்கள். ஜன்னலில் பிடித்தால் நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். தோளில் பின் குத்திக் குத்தித் துளை விழுந்த இடம், கொசுவ மடிப்பு, ஃபால்ஸ் தைத்த விளிம்புக்குச் சற்று மேலே, இவைதான் முதலில் போகும். பிறகு இரண்டு கையாலும் பிடித்துப் பாவு (நீள இழை) வாட்டத்தில் ஒரு முறை, ஊடை (குறுக்கு இழை) வாட்டத்தில் ஒரு முறை லேசாக இழுங்கள். இழை விடுகிற சத்தம் மெல்லக் கேட்டாலும் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். நடு அடுக்குக்குக்கூட அது ஆகாது. கண்டாங்கி மாதிரி தடித்த நெசவு இருந்தால் அதை அடியில் ஒரு அடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்று அடுக்கும் கண்டாங்கியாக இருந்தால் ஊசி ஏற்றி இறக்குவதற்குள் விரல் புண்ணாகிவிடும்.

சட்டைக்கு வேறு கணக்கு. ஆறு அங்குலச் சதுரங்களாக அதே 60-க்கு 90 வேண்டுமென்றால் 150 துண்டுகள். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். பெரியவர்களின் சட்டை முதுகில் மட்டும் பன்னிரண்டு துண்டுவரை எடுக்கலாம். முன்பக்கமும் கையும் சேர்ந்தால் எட்டுப் பத்துச் சட்டையில் போர்வை முடிந்துவிடும். நெசவு நெருக்கமாக இருப்பதால் சட்டைத்துணி சொன்னபடி வெட்டுப்படும், மிஷினில் இழுபடாது. சிக்கல் என்னவென்றால், ஆபீஸ் சட்டைகளில் பாதிக்குப் பாதி பாலியெஸ்டர் கலப்பு. காலர் லேபிள் தேய்ந்து போயிருந்தால் ஓர் இழையை உருவி இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். சுத்தமான பருத்தி, காகிதம் எரிந்த வாடையோடு பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான சின்ன மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். கலப்பை வீசிவிட வேண்டாம், சுவரில் மாட்டும் குவில்டுக்கு அது போதும். உடம்பில் படுகிற போர்வைக்கு மட்டும் வேண்டாம்.

நைந்த புடவையையும் கெட்டியான சட்டைத் துணியையும் ஒரே முகத்தில் பக்கத்தில் பக்கம் தைக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு துவைப்பிலும் கெட்டித் துணி இழுக்க, மெல்லிய துணி தையல் ஓரத்தில் கிழிந்துகொண்டே வரும்.

வேட்டி, லுங்கி, கொலு ரவிக்கைத் துணி

மாடர்ன் குவில்ட் என்று சொல்வதன் அழகு எல்லா இடத்தையும் பூவும் கட்டமுமாக அடைத்து வைப்பதில் இல்லை. பெரிய வெற்று இடம், அதில் ஒரு மூலையில் அழுத்தமான இரண்டு மூன்று நிறங்கள், இருபக்கமும் சமமாக இல்லாத அமைப்பு. 2009-ல் அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சங்கம் தொடங்குகிற அளவுக்கு இந்தப் பாணி பரவியது. அந்த வெற்று இடத்துக்கு அங்கே புதுத் துணி வாங்குகிறார்கள். நம் வீட்டு பீரோவில் எட்டு முழ வேட்டி மடித்தபடி இருக்கிறது. பழுப்பேறிய வெள்ளை வேட்டிக்கு நிகரான பின்னணி எனக்குத் தெரிந்து வேறில்லை. புது வெள்ளையின் கண்கூசல் அதில் இல்லை, நிறங்கள் அதன்மேல் நிதானமாக உட்காரும்.

அந்த அழுத்தமான நிறங்களுக்கு எங்கே போவது? நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்து, யாரும் தைத்துப் போடாமல், அடுத்த வருஷம் வேறு வீட்டுக்குப் போகிற ரவிக்கைத் துணிகளை எடுங்கள். அரக்கு, மயில் கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள், எல்லாம் ஒற்றை நிறம். மாடர்ன் குவில்டுக்கு இதைவிட நல்ல வண்ணப் பெட்டி கிடைக்காது. ஆனால் இது புதுத் துணி. ஒரு இரவு ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே இது மட்டும் சுருங்கி வேட்டியைச் சுருட்டி இழுக்கும். பளபளப்பாக, கையில் வழுக்குகிற ரகமாக இருந்தால் தீச் சோதனையும் செய்துவிடுங்கள்.

லுங்கிக் கட்டம் இன்னும் பிரமாதம். உலகத்துக்கே 'மெட்ராஸ்' என்ற பேரில் போன துணி இந்தக் கட்டங்கள்தான். சாயம் நிற்காமல் துவைக்கத் துவைக்க ஒன்றோடொன்று கலந்ததால், 'சாயம் விடும் மெட்ராஸ்' என்றே அதை 1960-களில் அமெரிக்காவில் பெருமையாக விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளை வேட்டிப் பக்கத்தில் தைக்கிற போர்வைக்கு அழகில்லை. கட்டத்துணியை நனைத்து, ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் இன்னும் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அப்போதும் இறங்கினால் அந்த லுங்கியை அடர்நிறத் துணிகளோடு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

தையல் கடை மூட்டை

தையல் கடையில் கேட்டால் "எடுத்துக்கோங்க மேடம், குப்பைக்குத்தான் போவுது" என்று பை நிறையத் தருவார்கள். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் கழுத்து வெட்டிய அரைவட்டம், அக்குள் வெட்டிய பிறை, லைனிங் ஓரம், ஜார்ஜெட் சிலும்பு. பாதி கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டுப்பட்டிருப்பதால் தைக்கும்போதே நீளும். சதுரம் வெட்டலாம் என்று உட்கார்ந்தால் தேறுவது கொஞ்சம்தான். அளவும் நேர்க்கோடும் கேட்கிற குவில்டுக்கு இது உதவாது.

ஆனால் இதற்கென்றே பிறந்ததுபோல ஒரு முறை பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் இருக்கிறது. வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி' சமூகப் பெண்கள், ஓர் அடித்துணியின் மூலையில் தொடங்கி, ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். கையில் கிடைத்த துண்டின் விளிம்பை மடித்து அப்படியே ஓடு தையலில் பிடித்துக்கொண்டே போவார்கள். முன்கூட்டி அளப்பதில்லை, ஒரே அளவாக வெட்டுவதும் இல்லை. துண்டு எப்படி இருக்கிறதோ அப்படியே இடம் பிடிக்கும். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். தையல் கடை மூட்டையை வைத்திருப்பவர்கள் இந்த முறைக்குத்தான் போக வேண்டும். அதிலும் பருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்தபின்.

ஜீன்ஸ், டி-ஷர்ட், பட்டு, மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த டெனிம் உடுப்புகளில் தைத்த குவில்டுகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. அந்தத் தேய்ந்த நீலத்தைப் பார்க்கிற யாருக்கும் தைக்க ஆசை வரும். ஆனால் அவர்கள் குளிர்காலத்துக்காகத் தைத்தார்கள். இங்கே அது மெரினாவுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப்போகும் விரிப்பாக நன்றாக உழைக்கும். நடுவில் எதுவும் வைக்க வேண்டாம். 16-ம் நம்பர் ஊசி போட்டு, நாலு தையல் சந்திக்கிற இடத்தில் மோட்டாரை விட்டுவிட்டுக் கையால் சக்கரத்தைத் திருப்பித் தையுங்கள். டி-ஷர்ட் இழுபடும் துணி. இஸ்திரியில் ஒட்டுகிற கேன்வாஸைப் பின்னால் ஒட்டாமல் வெட்டக் கூடாது, ஒட்டினால் காற்று புகாது. பழைய பட்டு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றிருக்கும், ஜரிகை உடம்பை அறுக்கும். நிஜ ஜரிகையாக இருந்தால் பழைய ஜரிகை எடுக்கிற கடையில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கையா, மிஷினா?

மூன்று புடவையைக் கையால் தைப்பதென்றால், அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் 90 அங்குல நீளத்தில் 60 வரிசை. தினம் ஒன்றிரண்டு வரிசை போட்டால் ஒன்றிரண்டு மாதம் ஆகும். முதலில் துணிகளைத் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஒரு சாண் இடைவெளியில் பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்த்தால் நடு அடுக்கு நகர்ந்து மடிந்துவிடும், பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை. பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற வங்காளத்துக் காந்தாவில் புடவைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்தார்கள். நமக்கு எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை போதும். கைத்தையல் துணியை லேசாகக் கொசுவும். அந்தச் சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் காற்று நிற்பதால்தான் வெறும் மூன்று புடவை அவ்வளவு இதமாக இருக்கிறது, அடுக்கிய பெட்ஷீட்டுக்கு அந்த இதம் இல்லை.

மிஷினில் சதுரங்களை இணைப்பது வேகம், சில வாரக் கடைசிகளில் மேல்முகம் தயாராகிவிடும். வீட்டுத் தையல் மிஷினில் கஷ்டம் அதற்குப் பிறகுதான் வரும். மூன்று அடுக்கையும் சுருட்டி ஊசிக்கு வலப்பக்கம் இருக்கிற சின்ன இடைவெளிக்குள் நுழைத்துத் தைக்க வேண்டும். கீழ்த்துணியை ஊசிக்கு அடியில் இருக்கிற மிஷின் பற்கள் முன்னே இழுக்க, மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். போர்வையை 30 அங்குல அகலப் பட்டைகளாக அடித்துணியோடு சேர்த்தே தைத்து முடித்து, கடைசியில் பட்டைகளை இணைத்தால் இந்தத் தொல்லை பாதியாகிவிடும். நேர்க்கோடு மட்டும் போதும், வளைவு நெளிவு வேண்டாம். 2019-ல் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் சென்னையில் நடந்ததிலிருந்து நுணுக்கமான மிஷின் வேலையில் நம் ஊரிலும் ஆர்வம் பெருகியிருக்கிறது. அந்த வேலைக்கு அகன்ற மிஷினும் பயிற்சியும் வேண்டும்.

தையல்காரரிடமே கொடுத்துவிடலாமே என்றால், எங்கள் தெருக்காரர் சொன்னது நியாயமாகவே இருந்தது: "ஒரு பிளவுஸ் முடிக்கிற நேரத்துல இதுல நாலு வரிசைகூட ஆவாது மேடம், கூலி கட்டுப்படியாகாது." சதுரங்களை நீங்கள் இணைத்துவிட்டு, ஓரப் பட்டியை மட்டும் அவரிடம் கொடுப்பது இரண்டு பேருக்கும் ஒத்துவரும்.

நடுவில் என்ன வைப்பது?

பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு சீக்கிரம் காயும், ஆனால் புழுங்கும். பருத்திப் பஞ்சு விரிப்பு புழுங்காது, ஆனால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காய மறுக்கும். இலவம் பஞ்சைத் தலையணையில் விடுங்கள். போர்வையில் வைத்துத் துவைத்தால் ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும். சட்டைக் குவில்டுக்கு நடுவில் பழைய பருத்திப் பெட்ஷீட் ஒன்று போதும். புடவைப் போர்வையில் நடுப் புடவையே நிரப்புத் துணிதான். கைக்குழந்தைக்கு என்றால் நடுத்துணியே வேண்டாம், வேட்டி இரண்டு மடிப்பு. பொத்தான், ஜரிகை, தடித்த தையல் முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது.

ஓரப் பட்டிக்குப் புதுத் துணி தேடி அலையாதீர்கள். புடவைக் கரை மற்ற இடத்தைவிட நெருக்கமாக நெய்தது, நீளமாகவும் கிடைக்கும். இரண்டரை அங்குல அகலத்தில் கிழிக்காமல் வெட்டி, பாதியாக மடித்து இஸ்திரி போட்டுச் சுற்றிலும் வைத்துத் தைத்தால் போர்வையின் ஓரம் சுலபத்தில் பிய்யாது. 60-க்கு 90 போர்வையைச் சுற்ற 300 அங்குலம் வேண்டும், மூலைகளுக்கும் இணைப்புக்கும் இன்னும் கொஞ்சம். ஒரு புடவையின் இரண்டு கரையும் சேர்ந்தால் 432 அங்குலம். அதனால் புடவையை வெட்டுவதற்கு முன்பே கரைகளைத் தனியே எடுத்துச் சுற்றி வைத்துவிடுங்கள்.