தியான மண்டபம்: அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

கன்னியாகுமரி விவேகானந்தர் பாறைக்குப் போகிற பலர் படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுகிறார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானித்த பாறை இது. நினைவாலயம் 1970இல் திறக்கப்பட்டது. அங்கே தவறவிடக் கூடாதது தியான மண்டபம். மங்கிய வெளிச்சம், எதிரே ஓங்கார வடிவம், பேச்சே கிடையாது. அந்த அமைதிக்காகவே போகலாம்.

காலை முதல் படகே நல்லது. வெயில் ஏறினால் வரிசை நீளும், வெறுங்காலைக் கல் சுடும். மண்டபத்தில் உட்கார்ந்த உடனே ‘நான் செய்தது சரியா, தவறா’ என்று தன்னை எடைபோட்டால் மனம் வாதாடும். 10 நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள்: என்ன செய்தேன், எதற்குப் பயந்தேன்? ‘அவர் ஏன் அப்படிப் பேசினார்’ என்று மனம் ஓடினால் மறுபடி மூச்சுக்கே வாருங்கள். வெளியே வந்ததும் நோட்டில் 3 வரி எழுதிவிடுங்கள். படகுத்துறை சந்தடியில் எல்லாம் கரைந்துவிடும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, டிக்கெட் கவுண்டரில் முதலில் கேளுங்கள்.