கீட்டோவா, ஸ்க்ரப்பரா, நத்தையா: சேலத்து வீட்டில் கடல் தொட்டிப் பாசி

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு ஹாலில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று நாலு வருடமாக ஓடுகிறது. ஸோந்தஸ், மஷ்ரூம், லெதர் என்று மென்பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். சேலத்தில் இப்படித் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பாசியில்தான் வந்து நிற்கும். வேண்டாத பாசியை அடக்க எது சரி: தனி அறையில் கீட்டோ என்ற பாசியை வளர்க்கும் ரெஃப்யூஜியமா, வலையில் பாசி வளர்த்துச் சுரண்டும் ஸ்க்ரப்பரா, நத்தையா, பாஸ்பேட் உறிஞ்சும் துகளா? நான்கையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்வது ரெஃப்யூஜியம். காரணம் நம் ஊர் வெயிலும் கரண்டும். வேறு ஊரில் இருந்திருந்தால் ஒருவேளை ஸ்க்ரப்பரைச் சொல்லியிருப்பேன்.

பாசியே இல்லாத பவளத் தொட்டி என்று ஒன்று கிடையாது. பவளத்தின் சதைக்குள்ளேயே ஸூசாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைத்துத் தருவதுதான் பெரும்பாலான பவளங்களுக்கு முக்கியச் சாப்பாடு. பாறை மேல் இளஞ்சிவப்பில் பூசினாற்போல் படரும் கோரலைனும் பாசிதான். பாசிக்குச் சத்தான நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அடியோடு துடைத்துவிட்டால் முடிப்பாசி போகலாம், கூடவே பவளமும் வெளிறும். காலியான இடத்தில் டைனோ என்கிற பழுப்புச் சளிப் படலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடக் கஷ்டம். நான் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மெல்லிய பச்சை படிந்தால் எனக்கு நிம்மதி. காந்தத் துடைப்பானால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று. பாறையெல்லாம் பச்சையாக இருக்கும்போது டெஸ்ட் கிட் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டும். நம்ப வேண்டாம். தண்ணீரில் இல்லாதது எல்லாம் பாசியின் உடம்பில் இருக்கிறது.

எதை வாங்கும் முன்னும் தண்ணீர்

நம் வீடுகளில் இரண்டு தண்ணீர். போரில் வருவது உப்புத் தண்ணீர். மேட்டூரிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் நமக்குத்தான் நல்லது, தொட்டிக்கு இல்லை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பிலேயே பச்சைப் பாசி படர்ந்து நாற்றமடித்த செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். அங்கே பாசியை வளர்க்கும் அதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் இங்கேயும் வளர்க்கும். கேன் தண்ணீரும் போதாது. குடிநீர் ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலக்கும் வால்வு இருக்கிறது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் நீக்கும் டி.ஐ. குடுவை ஒன்றும் சேர்த்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் வந்தால்தான் தொட்டிக்குள் போக வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. கடற்கரை ஊர்களைவிட இங்கே காற்று வறண்டது. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி மேல் ஃபேன் ஓடினால் எங்கள் வீட்டில் தினமும் 4 லிட்டர் வரை ஆவியாகிறது. ஆவியாவது வெறும் தண்ணீர். அதை ஈடுகட்ட டாப் அப்பில் ஊற்றியதோடு வந்த மற்றதெல்லாம் உள்ளேயே தங்கும். 50 நாளில் ஒரு முழுத் தொட்டி அளவு தண்ணீரின் அழுக்கு சேர்ந்துவிடும். இதைச் சரிசெய்யாமல் வேறு எதை மாட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஸ்க்ரப்பரும் ரெஃப்யூஜியமும்

இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே: பாசி வளரட்டும், ஆனால் நாம் சொல்லும் இடத்தில். அது தின்ற சத்தை அறுவடை செய்து வெளியே எறிந்துவிடலாம்.

ஸ்க்ரப்பரை 1980களில் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிஞர் வால்டர் ஏடி. சொரசொரப்பான ஒரு வலையை நிறுத்தி, அதன் மேல் மெல்லிய திரையாகத் தண்ணீரை வழியவிட்டு, பக்கத்தில் பலமான விளக்கை வைத்தால் வலை முழுக்கப் பாசி முளைக்கும். வாரம் ஒருமுறை சுரண்ட வேண்டும். இடம் கொஞ்சம், வேகம் அதிகம். அதன் வேகத்துக்குக் கீட்டோ ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் வைத்திருந்த முதல் மூன்று மாதத்தில் பாறை மேலிருந்த முடிப்பாசி கண்ணெதிரே மெலிந்தது.

அப்புறம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நின்ற ஒரு நாள் வந்தது. மே மாதம், சாயந்தரம்தான் திரும்ப வந்தது. வீட்டில் ஆள் இல்லை. பம்ப் நின்றதும் வலை காய்ந்து, பாசி செத்துவிட்டது. கரண்ட் வந்ததும் தண்ணீர் அதன் மேல் வழிந்து, செத்த பாசியை அப்படியே தொட்டிக்குள் கழுவி இறக்கியது. வலை சேர்த்து வைத்த சத்து ஒரே ராத்திரியில் உள்ளே போனது. லெதர் பவளம் பத்து நாள் சுருங்கியே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ரெஃப்யூஜியத்தில் அந்தப் பயம் இல்லை. பெரிய தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பில் ஒரு அறை, அதில் கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப் பாசி, மேலே ஒரு விளக்கு. பாத்திரம் தேய்க்கும் நார்ச்சுருள் போல இருக்கும் இந்தக் கீட்டோ எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால், எட்டு மணி நேரம் கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. விளக்கை டைமரில் போட்டு, மேல் தொட்டி அணைந்த பிறகு இரவில் எரியவிடுங்கள். இரவில் ஒளிச்சேர்க்கை நிற்பதால் தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு கூடி பி.எச். இறங்கும், கீட்டோ அதை இழுத்துக்கொண்டு இறக்கத்தைக் குறைக்கும். ஜன்னலை அடைத்து ஏசி போட்டுத் தூங்கும் கோடையில் அறைக் காற்றிலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுவதால் இந்த உதவி பெரிது. விளக்கின் சூடும் பகல் வெயிலோடு சேராது.

குறை இல்லாமல் இல்லை. சம்ப்பில் இடம் வேண்டும், பலன் தெரிய ஆறேழு வாரம் ஆகும், நைட்ரேட் ஒரேயடியாகக் குறைந்துவிட்டால் கீட்டோ வெளிறிக் கரையும். அழகாக இருக்கிறதே என்று அதன் இடத்தில் காலர்பா என்ற இன்னொரு பச்சைக் கடற்பாசியைப் போடாதீர்கள். அது திடீரென்று இனப்பெருக்கத்துக்குப் போனால் உள்ளிருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டுச் சாகும்.

நத்தை, துகள், மருந்து

நத்தைகள் எனக்குப் பிடித்தவை, ஆனால் அவை போட்டியில் இல்லை. பாசியைத் தின்று கழிவாகத் திருப்பித் தருகின்றன. சத்து தொட்டியை விட்டு வெளியேறுவதில்லை. கண்ணாடி, பாறை இடுக்கு என்று நம் கை போகாத இடத்துக்கு அவை வேண்டும். டர்போ நத்தைகளில் சில குளிர்ந்த கடல் பகுதியைச் சேர்ந்தவை, 28 டிகிரிக்கு மேல் சோர்ந்துவிடும். சென்னைக் கொளத்தூரில் வாங்கி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்த ஆறில் நான்கு அந்தக் கோடையைத் தாண்டவில்லை. அதே நத்தை ஏற்காட்டில் இருக்கும் நண்பரின் தொட்டியில் சௌக்கியமாக இருக்கிறது. அங்கே அவருக்கு ஹீட்டர்தான் செலவு.

இரும்பு ஆக்ஸைடு துகள், நம் ஆட்கள் ஜி.எஃப்.ஓ. என்பது, பாஸ்பேட்டை நிஜமாகவே பிடித்து வைக்கும். பிடித்தது போதுமென்றானதும் நின்றுவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாக்கெட்டில் போட்ட அளவை முதல் நாளே போட்டால் பாஸ்பேட் சட்டென்று சரிந்து பவளம் அடிபடும். பாதி அளவில் தொடங்குங்கள். பாஸ்பேட் 0.2-ஐத் தாண்டிய சமயத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் இதை எடுப்பேன்.

ப்ரையாப்சிஸ் என்ற இறகுப் பாசிக்கு ஃப்ளூகோனசோல், மனிதருக்கான பூஞ்சை மருந்து, வேலை செய்கிறது. மற்றபடி மருந்துப் பக்கம் போவதில்லை. சிவப்புச் சளி பாசியே இல்லை, பாக்டீரியா. அதற்கு ஆன்டிபயாடிக் ஊற்றினால் தொட்டியைத் தாங்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அடிபடலாம். தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்பைத் திருப்பி ஓட்டத்தைக் கூட்டி, குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

கீட்டோவைத் தேடி அலைய வேண்டாம், ரெஃப்யூஜியம் வைத்திருக்கும் யாரிடமும் மாதத்துக்கு ஒரு பந்து மிஞ்சும். ஒரு கைப்பிடி போதும். போடும் முன் வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றி அதில் பிரித்துப் பாருங்கள். பச்சை முத்து போல ஏதாவது உருண்டால் அது குமிழ்ப் பாசி. நசுக்காமல், ஒட்டியிருக்கும் இழையோடு கத்தரித்து எறிந்துவிட வேண்டும்.