ரயில்வேல கூட்ஸ் கார்டா, ஏஎல்பி-யா? எதுக்கு அப்ளை பண்றது

ரெண்டு பேரும் ஒரே கூட்ஸ் வண்டிலதான் போவாங்க, ஆனா நடுவுல 58 வேகன் நிக்கும், அறுநூறு மீட்டருக்கு மேல. முன்னாடி இன்ஜின்ல லோகோ பைலட், பக்கத்துல அசிஸ்டன்ட், அதான் ஏஎல்பி. கடைசி பிரேக் வேன்ல கார்டு, தனி ஆளு. 2022ல பேரை ட்ரெயின் மேனேஜர்னு மாத்திட்டாங்க, ஸ்டேஷன்ல கேட்டா இன்னும் கார்டுதான்.

சம்பளம் பாத்தா கார்டு லெவல் 5, பேசிக் 29,200. ஏஎல்பி லெவல் 2, 19,900தான். இதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஏஎல்பி கூட்ஸ் லோகோ பைலட் ஆனதும் நேரா லெவல் 6, கார்டு சீனியர் ஆனாலும் அதே 6தான். கிலோமீட்டர் அலவன்ஸ் ரெண்டு பேருக்கும் உண்டு.

எக்ஸாம்ல கார்டு ஈஸினு சொல்ல மாட்டேன், ஏன்னா எந்த டிகிரி இருந்தாலும் இதுக்கான ரயில்வே தேர்வு என்டிபிசி எழுதலாம், அதனால கூட்டம் அள்ளுது. ஆனா டைப்பிங், ஆப்டிட்யூட் தொல்லை இல்ல. ஏஎல்பிக்கு ஐடிஐயோ டிப்ளமோவோ வேணும், ரெண்டு தேர்வு தாண்டி ஆப்டிட்யூட் டெஸ்ட்ல ஒவ்வொரு பகுதிலயும் 42 எடுக்கணும், ஒண்ணுல கோட்டை விட்டாலும் போச்சு. அப்புறம் மெடிக்கல் ஏ-1, கண்ணாடி இல்லாம 6/6, லேசிக், அதான் லேசர் கண் ஆபரேஷன், பண்ணிருந்தா கதவு சாத்திடும். கார்டுக்கு ஏ-2, கண்ணாடி இல்லாம 6/9 போதும். எத்தனையோ பேர் எக்ஸாம் பாஸ் பண்ணிட்டு இங்கதான் விழறாங்க, அதனால ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி ஒரு கண் டாக்டரைப் பாத்துடுங்கப்பா.

வேலைனு வந்தா தனிமைதான் பெரிய வித்தியாசம். நீடாமங்கலத்துல நெல்லு ஏத்திட்டு கிளம்பின வண்டி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன் லூப்ல, அதான் பக்கத்துத் தண்டவாளத்துல, நிக்குதுனு வைங்க, பின்னாடி எக்ஸ்பிரஸ் ஒண்ணொண்ணா தாண்டிப் போகும், கார்டுக்குத் துணை கொசுவும் பிரஷர் கேஜும். பல பிரேக் வேன்ல ஃபேன், டாய்லெட் கிடையாது. ஏஎல்பிக்குப் பேச்சுத்துணை இருக்கு, ஆனா ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டு சொல்லிட்டே போகணும், ராத்திரி 3 மணிக்கும் கண்ணை அசர விட முடியாது. வழில வேகனுக்கு நடுவுல இருக்கற பிரேக் ஹோஸ் பைப் கழண்டுச்சுன்னா ஏஎல்பி முன்னாடி இருந்து, கார்டு பின்னாடி இருந்து, ஜல்லி மேல டார்ச் அடிச்சுட்டே நடக்கணும். விபத்துன்னா கார்டு 600 மீட்டர் பின்னாடி ஓடி தண்டவாளத்துல ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினா வெடிச்சு சத்தம் போடறது), 1,200ல மூணு வைக்கணும், அடுத்த வண்டியை நிறுத்த.

இன்னொரு விஷயம், வண்டி முழுசா சேர்ந்து வருதான்னு இன்ஜினுக்குச் சொல்ற, கடைசி வேகன்ல மாட்டற இஓடிடி கருவி வந்துட்டிருக்கு, அது முழுசா வந்தா கூட்ஸுக்கு கார்டே வேண்டாம். ஆனா 2024 நோட்டிஃபிகேஷன்ல அதே போஸ்டுக்கு 3,144 இடம் போட்டாங்க, அதனால நான் இப்போதைக்கு பயப்பட மாட்டேன்.

டிப்ளமோவும் நல்ல கண்ணும் இருந்தா ஏஎல்பிக்கே போங்க. இல்லன்னா கார்டு, அதுவும் தனியா இருக்கறது பிடிக்கும்னா மட்டும்.