3எல்லா, 4ஜேபி1ஆ: வன்னி வீதிக்கு எந்த எஞ்சின்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் விலை கைக்கு எட்டாது. அதனால் வன்னியில் செசி உக்காத பழைய ஹைலக்ஸும் டொல்பின் ஹயஸும் பழைய இரும்புக்குப் போவதில்லை. எஞ்சின் மாறி மறுபடி வீதிக்கு வருகின்றன. எந்த எஞ்சின் என்பதில்தான் பரந்தனிலிருந்து மாங்குளம் வரை கராஜ் வாசல்களில் இரண்டு கட்சி. "டொயோட்டாவைப் போட்டிட்டு நிம்மதியா ஓடு தம்பி" என்பது டொயோட்டா 3எல் கட்சி. "பெல்ற் அறுந்து நெடுங்கேணிக் காட்டுக்குள்ள நிக்கேக்கை தெரியும் அண்ணை" என்பது இசுசு 4ஜேபி1 கட்சி. இரு பக்கமும் பாதி உண்மை பேசுகிறது. மீதிப் பாதி, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியதற்கு அவரவர் தேடும் நியாயம்.

டொயோட்டா 3எல் 2779 சிசி. போர் (சிலிண்டரின் குறுக்களவு) 96 மில்லிமீற்றர், ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம்) 96. இசுசு 4ஜேபி1 2771 சிசி. போர் 93, ஸ்ரோக் 102. கொள்ளளவில் 8 சிசிதான் வித்தியாசம், ஆனால் உள்ளே இரண்டும் வேறு சாதி. 3எல்லில் வால்வைத் திறக்கும் கம் சாஃப்ற், சிலிண்டரை மூடும் தலைக்கு மேல் இருக்கிறது, அதை ரைமிங் பெல்ற் சுழற்றுகிறது, டீசல் தலைக்குள் உள்ள சின்னச் சுழல் அறைக்குள் பீச்சப்படுகிறது. 4ஜேபி1இல் கம் கீழே புளொக்கில். பல்லுச்சக்கரம் சுழற்றும், தள்ளுகம்பி வால்வைத் தூக்கும், டீசல் நேரே பிஸ்ரன் தலையில் உள்ள குழிக்குள் விழும். கீழே வரும் வாதங்கள் எல்லாம் இந்த மூன்று வேறுபாட்டில் இருந்துதான் கிளைக்கின்றன.

பெல்ற் வாதம்

3எல்லின் பெல்ற்றுக்கு டொயோட்டா சொல்லும் ஆயுள் 100,000 கிலோமீற்றர். அறுந்தால் வால்வு பிஸ்ரனில் மோதும், தலை கழற்றாமல் தப்ப வழியில்லை. இசுசுக் கட்சி சொல்வது இவ்வளவும் சரி. ஆனால் பெல்ற் காரணமில்லாமல் அறுவது குறைவு. கிராங் முன் சீல் கசிந்து ஒயில் பட்டு ஊறிப்போகும். இல்லையேல் ரைமிங் கவரின் ரப்பர் விளிம்பு காணாமல் போய், கிறவல் தூசி உள்ளே புகுந்து பல்லை அரைக்கும். மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் உள்வீதியில் ஓடும் வண்டிக்கு 80,000இல் மாற்றுவதே புத்தி. மாற்றும்போது பெல்ற்றை மட்டும் மாற்றிவிட்டு ஐட்லர் பெயறிங்கையும் இரண்டு சீலையும் பழையதாகவே விடுபவர் பாதி வேலைதான் செய்கிறார்.

றீகண்டிசன் எஞ்சின் (வேறு வண்டியில் ஓடிக் கழற்றி வந்தது) என்றால் இன்னொரு சிக்கல். உங்கள் டாஷ்போட் மீற்றர் காட்டுவது பழைய எஞ்சினின் ஓட்டம். வந்த எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே வண்டிக்குள் இறக்க முன்னரே, நிலத்தில் வைத்தே பெல்ற்றை மாற்றிவிட வேண்டும். அப்போது அரைநாள் வேலை. இறக்கிய பிறகு ஹயஸின் சீற்றுக்குக் கீழ் கைவிட்டுச் செய்வது வேறு கதை.

4ஜேபி1இன் பல்லுச்சக்கரத்துக்கு இந்தப் பயம் இல்லை. பதிலுக்கு அது வால்வு இடைவெளியைக் கேட்கும்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வும் வெளிவால்வும் 0.40 மில்லிமீற்றர். ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டிலேயே ஒரு மணித்தியாலத்தில் முடியும். பார்க்காமல் விட்டால் முதலில் சத்தம், பிறகு இழுவைக் குறைவு.

சூடு

உண்மையான பிரிகோடு இங்கேதான். சுழல் அறை எஞ்சினில் எரிதலின் பெரும் பங்கு தலைக்குள்ளே நடப்பதால் தண்ணிக்குள் போகும் வெப்பம் கூட. நேரடியாகப் பீச்சும் எஞ்சினில் அது குறைவு. சித்திரை வெயிலில் நெல் மூட்டை அடுக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்போரம் முதல் கியரில் ஊர்ந்தால் 3எல் முதலில் வியர்க்கும். வால்வு இருக்கைகளுக்கு நடுவே தலை வெடிப்பதும் காஸ்கெற் எரிவதும் அதனால்தான். டொயோட்டாக் கட்சிக்காரர் இதை ஒத்துக்கொள்வதில்லை. "எங்கட வான் ஒருநாளும் சூடாகேல்லை" என்பார்கள். அவர்கள் ஓடுவது ஏ9 காபட் வீதியில். அங்கே 80இல் போகும்போது காற்றே ரேடியேற்றரைக் குளிர்த்திவிடும்.

ஆனால் வன்னியில் தலை வெடித்த 3எல்களுக்கு எஞ்சினைக் குற்றம் சொல்ல முன்னர் அதற்கு ஊற்றிய தண்ணியைப் பார்க்க வேண்டும். இங்கே பல கிணறுகளில் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லுத்தண்ணி. அதையே ரேடியேற்றருக்கு ஊற்றினால் தலையின் மெல்லிய தண்ணி வழிகளிலும் அதே படிவுதான் பிடிக்கும். மாரியில் பிடித்த மழைத்தண்ணி, இல்லையேல் பற்றறித் தண்ணி, அதோடு சரிக்குச் சரி கூலன்ற். இங்கே தண்ணி உறையப் போவதில்லைதான். கூலன்ற் துருவைத் தடுக்க.

அடுத்த குற்றவாளி தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியும் பழக்கம். 3எல்லில் இருப்பது இரட்டை வால்வு வகை: சூடானதும் ஒரு முனை ரேடியேற்றர் வழியைத் திறக்கும், மறு முனை பைபாஸ் வாயை அடைக்கும். கழற்றினால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூட்டுத் தண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பாரமில்லாமல் ஓடும்போது குளிர்ச்சியாகத் தெரியும், பாரம் ஏற்றியதும் காலை வாரும். குளிர்த்த வேண்டும் என்று செய்த வேலையே சூடாக்கும்.

மூன்றாவது, எஞ்சின் மாற்றியவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு. வேறு கம்பனி எஞ்சினின் வெப்ப சென்டர் (தண்ணிச் சூட்டை முள்ளுக்குச் சொல்லும் கருவி), உங்கள் டாஷ்போட் முள்ளோடு ஒத்துப்போகாது. முள் நடுவில் நிற்கும், தண்ணி கொதிக்கும். பழைய எஞ்சினின் சென்டரையே, தேவையானால் லேத்தில் ஒரு புஷ் கடைந்து, புதியதில் பொருத்த வேண்டும். 4ஜேபி1 ஏற்றிய ஹைலக்ஸ்களில் அதிகம் விடுபடுவது இதுதான். பிறகு பழி இசுசுவின் தலையில்.

அறுவடைக்காலத்தில் ரேடியேற்றருக்கும் ஏசி கொண்டென்சருக்கும் இடையில் வைக்கோல் தூசியும் புல் விதையும் கம்பளிபோல் படியும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணியால் கழுவுங்கள். பிரசர் கன் பிடித்தால் தகடுகள் மடங்கும்.

டீசலும் செலவும்

எரிபொருள் வாதத்தில் இசுசுக் கட்சிக்கு வெற்றி. சுழல் அறை எஞ்சின் அதே வேலைக்கு 10 முதல் 15 வீதம் கூடக் குடிக்கும். இது எல்லாக் கம்பனிக்கும் பொது. 3எல்லோடு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய பிக்கப்பில் 4ஜேபி1 ஏற்றினால் 11, மிஞ்சினால் 11.5 எதிர்பார்க்கலாம். 15 என்பவர் எஞ்சின் விற்க வந்தவர்.

டீசலின் தரம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். 3எல்லின் ஊசிமுனை நொசில் தன் துளையைத் தானே துப்பரவாக்கும், தூரலும் சுழல் அறைக்குள் போய்த்தான் கலக்கும். அழுக்கு டீசலைக் கொஞ்சம் பொறுக்கும். 4ஜேபி1 நொசிலில் மயிரிழைத் துளைகள். ஒன்று அடைத்தாலும் புகையும் தட்டும் சத்தமும் வரும், புகைப் பரிசோதனையில் மாட்டும். பரலில் டீசல் சேமித்து வண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஒன்றாக ஊற்றும் விவசாயி 4ஜேபி1 போடுவதென்றால், பரலின் அடியில் நாலு விரல் உயரத்தை உறிஞ்சாமல் விடவேண்டும். ஃபில்ரரின் தண்ணி வடிகாலைக் கிழமைக்கு ஒருக்கால் திறக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் கலப்பது இரண்டுக்கும் நஞ்சு. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெய்யில் ஓட்டிய மண் இது. அந்தத் துணிவு இன்னும் சிலருக்குப் போகவில்லை. ஆனால் சுழல் வகை டீசல் பம்புக்கு உள்ளே ஒயில் கிடையாது, டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு இல்லை, பம்ப் உள்ளே தேயும். 2022 ஆகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோதே அதில் இருந்த இலாபமும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாரித் தண்ணி

வட்டுவாகல் போன்ற தாழ்வான பாலங்களையும் குளத்து வான் பாயும் வீதிகளையும் கடப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 3எல்லின் அழுத்த விகிதம் 22.2. ஒரு சிலிண்டர் 695 சிசி. பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 சிசி. 4ஜேபி1இல் விகிதம் 18 அளவில் என்பதால் 40 சிசி. அதாவது இரண்டு, மூன்று மேசைக்கரண்டித் தண்ணி ஒரு சிலிண்டருக்குள் போனால் கொன்ரொட் (பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும். இதில் யாரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் தண்ணிக்குள் நின்றுவிட்டால் ஸ்ராட்டரைத் தொடாமல், குளோ பிளக் நாலையும் கழற்றிய பிறகே சுழற்றித் தண்ணியைத் துப்ப விட வேண்டும்.

பிரித்துச் செய்யும் நாள்

3எல் தலையை ஏற்றும்போது காஸ்கெற் எது என்று பிஸ்ரன்தான் சொல்லும். பிஸ்ரன் புளொக்குக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து பி, டி, எஃப் என்ற மூன்று தடிப்பில் ஒன்றை எடுக்க வேண்டும். கடையில் கிடைத்ததைப் போட்டால் அழுத்தம் குறையும், அல்லது பிஸ்ரன் தலையைத் தட்டும். போல்ற் இறுக்கம் 78 நியூட்டன்மீற்றர், பிறகு 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. "கை தெரியும்" என்று நீட்டுக் குழாய் போட்டு இறுக்கும் பாஸிடம் தலையைக் கொடுக்க வேண்டாம்.

4ஜேபி1இல் வரும் பிழை லேத்தில் நடக்கும். அதன் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) மெல்லிய உலர் லைனர், குரோம் பூசியது. அதை ஓவர்சைஸுக்குக் கடைவதோ கல் போட்டு உரசுவதோ கூடாது. தேய்ந்தால் பிஸ்ரனோடு சேர்த்துப் புதியது. சீனாவில் உரிமம் பெற்று நெடுங்காலம் செய்யப்பட்ட எஞ்சின் என்பதால் கிற் மலிவாகக் கிடைக்கும், தரம் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறும். றிங் இடைவெளியை அளக்காமல் எதையும் ஏற்றக்கூடாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனம் ஓல்ரனேற்றரின் பின்னால் உள்ள வெக்கும் பம்ப். அதற்குப் போகும் ஒயில் குழாய் வெடித்தால் எஞ்சின் ஒயிலும் போகும், பிரேக் பூஸ்ரரும் போகும். எஞ்சின் மாற்றும்போது அந்த இரண்டு ரப்பர் குழாய்க்கும் காசு பார்க்க வேண்டாம்.

மற்ற இரண்டு பேர்

நிசான் டிடி27 (2663 சிசி) தாளில் எல்லோரையும் சமாதானப்படுத்தும்: பல்லுச்சக்கரமும் உண்டு, சுழல் அறையின் மென்மையும் உண்டு. நிசான் கரவன் வானோடு வந்ததை அப்படியே வைத்திருப்பவர் மாற்றத் தேவையில்லை. தேடிப்போய் வாங்கத்தான் வேண்டாம். 3எல் சாமான் கிடைக்கும் கடையில் இதற்கு "சொல்லி எடுக்கலாம்" என்பார்கள், வண்டி அதுவரை கராஜில் நிற்கும்.

மிற்சுபிசி 4டி56 (2477 சிசி) நன்றாக இழுக்கும், ஆனால் இரண்டு பெல்ற். உள்ளே உள்ள சின்னது அதிர்வு குறைக்கும் சாஃப்ற்றுக்கு. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் சிக்கினால் இரண்டும் போகும். பெரும்பாலும் ரொக்கர் ஆம் உடைந்து வால்வைக் காப்பாற்றும், அதுவரை நல்லது. டேர்போ வைத்ததில் தலை வெடிப்பும் சேரும். டெலிக்காவோ பஜேரோவோ வைத்திருப்பவருக்குச் சரி. வேறு வண்டிக்கு ஏற்றக் காரணம் இல்லை.

எதில் எதை

ஹயஸுக்கு 3எல்தான். சீற்றுக்குக் கீழ் உள்ள பெட்டிக்குள் உயரமான 4ஜேபி1ஐ இறக்குவதென்றால் மவுண்டிங், சம்ப், மூடி எல்லாம் வெட்டி ஒட்டும் வேலை; சத்தமும் சாரதியின் தொடைக்குக் கீழேயே. ஏ9இல் ஆள் ஏற்றி ஓடும் பிக்கப்புக்கும் 3எல் போதும்.

மண், நெல், கல் ஏற்றும் பிக்கப் என்றால் 4ஜேபி1. அதை கியர் பொக்ஸோடு சேர்த்தே வாங்க வேண்டும். தனி எஞ்சினை வாங்கி அடப்ரர் தகடு கடைந்து டொயோட்டாக் கியர் பொக்ஸில் கட்டினால், நடுமையம் அரை மில்லிமீற்றர் தவறினாலே கிளச் பெயறிங் வருடத்துக்கு ஒன்று கேட்கும். புரொப்பெல்லர் சாஃப்ற்றை வெட்டிச் சுருக்கினால் பலன்ஸ் பார்க்காமல் போடக்கூடாது. 60இல் தொடங்கும் நடுக்கத்துக்கு எஞ்சின் மவுண்ட்டைக் குறை சொல்லி மாதக்கணக்கில் அலைவார்கள். 3எல் அளவுக்கு உயர் சுற்று ஓடாத எஞ்சின் இது. பழைய டிஃபரன்ஸலோடு உச்ச வேகம் குறையும், பாரம் ஏற்றுபவருக்கு அது நட்டமில்லை.

வாங்க முன்னர் நாலு சிலிண்டரின் அழுத்தமும் பாருங்கள். ஒன்றுக்கொன்று சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். துள்ளி விழுந்தால் றிங் முடிந்தது. கடைசியாக, புளொக்கில் அடித்த இலக்கத்தைத் துணியால் துடைத்து வாசித்து, இறக்குமதிப் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதிய அந்தப் பத்திரம் வேண்டும். "பிறகு எடுத்துத் தாறன்" என்று விற்பவர் சொன்னால், காசையும் பிறகே கொடுக்கலாம்.