வானிலை நிலையம் வாங்கப் போகிறீர்களா? பெட்டியின் அடியிலுள்ள எண்ணை முதலில் பாருங்கள்

மொரிஷியஸில் காட்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கம் அந்த விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. “வயர்லெஸ் வானிலை நிலையம், புத்தம் புதியது, வீட்டுக்கே வந்து பொருத்தித் தருகிறோம், 18,500 ரூபாய்.” வெளியே மாட்டும் சென்சார் அளக்கிற வெப்பம், மழை, காற்றை வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் திரையில் காட்டுகிற கருவி அது. விளம்பரப் படத்தில் ஒரு மொட்டைமாடி, ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் வெள்ளைச் சென்சார். அந்த மொட்டைமாடி எங்கள் வீட்டு மொட்டைமாடி. பொருத்த வந்த அன்று, “ஞாபகத்துக்கு ஒரு போட்டோ” என்று சொல்லி எடுத்தார்கள். அந்தப் படத்தைக் காட்டி இன்னொருவரிடம் விற்பதைப் பார்த்த பிறகும் நான் சும்மா இருப்பது சரியில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்த நாள். போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். என் மனைவிக்கு அங்கேதான் வேலை. அன்று அவள் வீடு வந்து சேரும்போது இரவாகிவிட்டது, இடுப்புவரை சேறு. அதே போர்ட் லூயியில் 2013 மார்ச் 30 வெள்ளத்தில் 11 பேர் இறந்தது இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. என் அம்மாவுக்கு 1975 ஜெர்வேஸ் புயல் நேற்று நடந்தது போல இருக்கும். மணிக்கு 280 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவான புயல் அது. அவர்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்துபோனதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். வானொலி அறிவிப்போடு நம் வீட்டு மாடியில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்தால் நல்லது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் தவறென்று தோன்றவில்லை.

விற்றவர் சின்னப் பையன்தான். கோவிலில் அடிக்கடி பார்த்த முகம். காவடிக் காலத்தில் அன்னதானத்தில் இலை போட்டவர். அதனாலேயே அதிகம் விசாரிக்கவில்லை. “தோந்தோன் (மாமா), எல்லாம் புதுசு. கடிகாரம்கூட ரேடியோ அலையில் தானாகவே நேரம் எடுத்துக்கொள்ளும், போனிலும் பார்க்கலாம். பா த்ராகாசே (கவலைப்படாதீர்கள்)” என்றார். கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார். அதில் மாடல் எண் இல்லை, உத்தரவாதம் எத்தனை மாதம் என்றும் இல்லை.

2024 நவம்பரில் வந்து பொருத்தினார்கள். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் ஒல்லியான கம்பி ஒன்றைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, காங்கிரீட் தளத்திலிருந்து முழங்கால் உயரத்தில் சென்சாரை மாட்டினார்கள். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. வெப்பமானி புல் தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், நிழல் கூட்டுக்குள், காற்றோட்டமாக இருக்க வேண்டும். காற்றை அளப்பதற்கு முறைப்படி 10 மீட்டர் உயரம் வேண்டும். பக்கத்தில் ஒரு தடை இருந்தால் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வீட்டில் அவ்வளவும் முடியாது, சரி. ஆனால் தொட்டியின் முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டுக் “காற்று வேகம் காட்டும்” என்று சொல்லலாமா? டிசம்பர் வெயிலில் மதியம் 43 டிகிரி காட்டியது. சுட்ட காங்கிரீட்டின் சூட்டைத்தான் அது அளந்துகொண்டிருந்தது.

மழை இன்னும் மோசம். டிசம்பரில் ஓர் இரவு விடிய விடிய அடித்துப் பெய்தது. வாசலில் மறந்துவிட்ட பக்கெட் காலையில் பாதி நிறைந்திருந்தது. திரையில் 0.0. ஏணி போட்டு ஏறி மழைமானியின் புனலைத் திருகிக் கழற்றினேன். உள்ளே சீசா போல இரண்டு பக்கமும் சாய்கிற சின்ன வாளி இருக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழும், அந்த ஒரு கவிழ்ப்பு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு. அது ஆடவே முடியாதபடி வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. கப்பலில் வரும்போது ஆடி உடையாமலிருக்க ஒட்டுகிற டேப். பொருத்துகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதைக் கிழித்தெடுப்பது. டேப்பின் ஓரத்தில் எறும்பு கூடு கட்டியிருந்தது. ஒரு மாதமாக என் வீட்டு மாடியில் மழையே பெய்யவில்லை என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். “இப்போ சரியாயிடுச்சு இல்லையா தோந்தோன்” என்றார். வரவில்லை.

காற்றழுத்தத்திலும் இதே கதை. எங்கள் வீடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம். உயரே போகப் போக அழுத்தம், எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று குறைந்துகொண்டே போகும். ஆகவே கடலோரத்தில் 1013 இருக்கிற நாளில் இங்கே 976 இருப்பதுதான் இயல்பு. அந்த வித்தியாசத்தைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காமல் விட்டதால் வெயில் அடிக்கிற நாளிலும் 976 என்று நின்றது. வானொலியில் புயல் மையத்தின் அழுத்தம் சொல்லும்போது இந்த மாதிரி எண்களைத்தான் அம்மா கேட்டிருக்கிறார்; பயந்துபோனார். விற்றவரைக் கேட்டதற்கு, ஒருநாள் அந்த வழியே போனபோது உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு 1013 என்று அழுத்திவிட்டுப் போனார். அன்றைக்கு வாக்வாவில் உள்ள அரசு வானிலை நிலையம் சொன்ன அளவைக் கேட்டு வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

2025 பெப்ரவரி 27 இரவு. மறுநாள் பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாக்கிய காரான்ஸ் புயல் எங்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு வடகிழக்கு பார்த்தது. காற்று அதில் அறைந்துகொண்டிருந்தது. திரையில் காற்றின் திசை தென்மேற்கு. வேகம் மணிக்கு 41 கிலோமீட்டர். தெற்கு அரைக்கோளத்தில் புயலை வீட்டிலிருந்தே கணிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். (தமிழ்நாட்டில் இடக்கைப் பக்கம்.) வடகிழக்குக் காற்றுக்கு முதுகு காட்டினால் மையம் வடமேற்கே. வானொலியும் அதையே சொன்னது. பெட்டியை நம்பினால் மையம் தென்கிழக்கே, நேர் எதிர்ப்பக்கம்!

என் மகன் அந்த 41-ஐப் பார்த்துவிட்டு, “அவ்வளவு ஒன்றும் இல்லையே அப்பா” என்று கராஜ் பக்கம் படபடத்த தகரத்தைக் கட்ட வெளியே இறங்கினான். நான் பின்னால் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று எங்கள் சுவரில் வந்து மோதிக் கீழே விழுந்தது. அவன் நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு கை நீளம்தான் இருந்தது. புயல் எச்சரிக்கையில் உச்சமான கிளாஸ் 4, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்றை வைத்து ஏற்றப்படுகிற ஊரில், தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு 41 என்று சொல்கிற கருவி வீட்டில் இருக்கவே கூடாது.

புயல் போன பிறகு, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். திசை தலைகீழானதற்குக் காரணம் கிடைத்தது. சென்சாரின் சூரியத் தகடு வட நாடுகளுக்காகத் தெற்கு பார்த்து வைக்கும்படி செய்யப்பட்டது. நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருவதால் வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும். திருப்பினார்கள், அதுவரை சரி. திருப்பிய பிறகு பெட்டியில் “தெற்கு அரைக்கோளம்” என்று மாற்ற வேண்டும், மாற்றவில்லை. நவம்பரிலிருந்தே வடமேற்குக் காற்று, வடமேற்குக் காற்று என்று காட்டிக்கொண்டிருந்தது. நம் தீவில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்றுதான் என்பது துணி காயப்போடுகிறவர்களுக்கே தெரியும். விற்றவரைக் கேட்டபோது “தொட்டியில் மோதித் திரும்புது” என்றார், நம்பினேன். அமைப்பை மாற்றியவுடன் திரையில் இருந்த பிறை நிலாவும் பக்கம் மாறியது. உங்கள் பெட்டியில் நிலா வரையப்பட்டிருந்தால் ஒரு மாலை வானத்து நிலாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

அதே நாள்தான் இன்னொன்றையும் பார்த்தேன். அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டுகிற பொத்தானை அழுத்திக்கொண்டே போனபோது, வெளி வெப்பநிலையில் இதுவரை பதிவான குறைந்தபட்சம் வந்தது: 12 பாரன்ஹீட். செல்சியஸில் மைனஸ் 11. மொரிஷியஸில் மைனஸ் 11! பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இந்தப் பெட்டி இருந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்ததோ, பழையதாக விற்றதோ, அதைத் துடைத்துப் “புத்தம் புதியது” என்று எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் பெட்டியின் அடியில் கடைக்காரர் ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டினேன். அதற்குக் கீழே தயாரிப்பாளரின் ஸ்டிக்கர். அதில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. சென்சாரும் பெட்டியும் பேசிக்கொள்கிற ரேடியோ அலைவரிசை அது. இது முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு 6,200 ரூபாய் மிஞ்சியிருக்கும். புயலில் பிளாஸ்டிக் பட்டை அறுந்து, காற்றை அளக்கும் மூன்று கிண்ணங்களில் இரண்டு உடைந்துவிட்டன. அதே தயாரிப்பாளரின் மாற்றுச் சென்சாரை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்துச் சுங்கமும் கட்டியிருந்தேன். அது 868. இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே கேட்காது. அமெரிக்கக் கண்டங்களுக்கு 915, ஐரோப்பாவுக்கு 868. நாமும் அலைவரிசைப் பங்கீட்டில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா இருக்கும் மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். நம் பக்கம் 900-ஐ ஒட்டிய அலைகளில் செல்பேசி ஓடுகிறது; 915 கருவியை இங்கே கொண்டுவருவதே முறையில்லை. அந்தத் தானியங்கிக் கடிகாரமும் அப்படியே. அது கேட்பது அமெரிக்காவில் கொலராடோவிலிருந்து வருகிற ரேடியோ நேரக் குறிப்பை. ஐரோப்பிய மாடலாக இருந்தால் ஜெர்மனியிலிருந்து வருவதைக் கேட்கும். அதுவும் இரண்டாயிரம் கிலோமீட்டர் வரைக்கும்தான் நம்பகமாக எட்டும். நம் தீவுக்கு இரண்டுமே வராது. “போனில் பார்க்கலாம்” என்றதும் பொய். இந்த மாடல் இணையத்தோடு சேரவே சேராது.

நேரில் போய்க் கேட்டேன். புயல் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றார். மைனஸ் 11-ஐக் காட்டினேன். தொழிற்சாலையில் சோதனை செய்திருப்பார்கள் என்றார். லேபிளைச் சுரண்டியதால் திருப்பி எடுக்க முடியாது என்று கடைசியில் சொன்னார். அதுவரை தோந்தோன் என்றவர் அன்று முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் பெட்டி, சென்சார் இரண்டின் அடியிலும் உள்ள ஸ்டிக்கரைக் கடையிலேயே பாருங்கள். 868 அல்லது 433 என்று இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். மேலே வேறு லேபிள் ஒட்டியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி போட்டு ஓடவிட்டு, குறைந்தபட்ச வெப்பநிலை நினைவைத் தட்டிப் பாருங்கள். ரசீதில் மாடல் எண், உத்தரவாத மாதம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். போனில் பார்க்க வேண்டுமென்றால், இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு மட்டும்தான் சேரும். உங்கள் ரவுட்டரில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைமானியை நீங்களே சோதிக்கலாம். புனல் வாயின் குறுக்களவு 11 சென்டிமீட்டர் என்றால் 95 மில்லி தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக, கால் மணி நேரம் எடுத்து ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் வாளி கவிழும்போது தண்ணீர் வீணாகிக் குறைத்துக் காட்டும். 10-ஐ ஒட்டி வந்தால் நல்ல கருவி. நான் டேப்பைக் கிழித்த பிறகு சோதித்தேன், 9.6 வந்தது. அந்த ஒரு பாகம் இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது.

நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். துண்டுச்சீட்டு, சுரண்டிய லேபிள், மைனஸ் 11 காட்டுகிற திரையின் படம் எல்லாம் இணைத்தாயிற்று. இதே விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள லேபிளை நீங்களாகச் சுரண்டவும் வேண்டாம். எனக்கு அதைத்தான் சாக்காகச் சொன்னார்கள். பேட்டரியைக் கழற்றாமல், நினைவை அழிக்காமல், குறைந்தபட்ச வெப்பநிலையைப் படம் எடுத்து வையுங்கள். புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்குள் நீங்களும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள்.