தாய்லாந்தில் வருமான வரி: 180 நாளுக்குள் நிற்பதா, பணத்தைப் பிரித்து வைப்பதா, எல்டிஆர் (நீண்டகாலத் தங்கல்) விசா எடுப்பதா?

தாய்லாந்தில் வரிக்கு விசாவைவிட முக்கியமானவை இரண்டு: ஒரு காலண்டர் ஆண்டில் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள், வெளிநாட்டில் ஈட்டியதில் எவ்வளவை உள்ளே கொண்டுவந்தீர்கள். 180 நாள் ஆகிவிட்டால் நீங்கள் வரிக் குடியிருப்பாளர். முன்பு ஓராண்டில் ஈட்டியதை அடுத்த ஆண்டு கொண்டுவந்தால் வரி கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. குடியிருப்பாளராக இருந்தபோது ஈட்டிய பணத்தை எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் வரி உண்டு.

முதல் வழி, 180 நாளைத் தொடாமல் இருப்பது. கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே ஜூலை 10 அன்று வந்து அடுத்த ஜூன் 25 வரை தொடர்ந்து தங்கினாலும் முதல் ஆண்டில் 175 நாள், அடுத்த ஆண்டில் 176 நாள்தான் வரும். அந்த இரண்டாம் ஆண்டில் மறுபடி வந்து தங்கினால் கணக்கு உடைந்துவிடும். வேலைக்குப் போகாத, வேறு நாட்டிலும் வீடு உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. இன்னொரு பயனும் உண்டு: குடியிருப்பாளராக இல்லாத ஆண்டில் பங்குகளை விற்றுப் பெற்ற லாபத்தைப் பின்னொரு ஆண்டில் கொண்டுவந்தாலும் வரி இல்லை. விமானம் ரத்தானால் கணக்கு தப்பும் என்பதால் 10 நாளாவது மிச்சம் வையுங்கள்.

டிடிவி விசாவில் (தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் பலரும் எடுக்கும் விசா) வருபவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு நுழைவுக்குக் கிடைக்கும் 180 நாளை ஒரே ஆண்டுக்குள் முழுதாகப் பயன்படுத்தினாலே எல்லையைத் தொட்டாயிற்று. அதோடு, தாய்லாந்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் செய்த வேலைக்கான சம்பளம் சட்டப்படி தாய்லாந்து வருமானம். நாள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பணம் வெளிநாட்டு வங்கியிலேயே கிடந்தாலும் அது மாறாது. இரட்டை வரி ஒப்பந்தம் (ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் இருக்க நாடுகள் செய்துகொள்வது) விலக்கு தருகிறதா என்று பார்க்காமல் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இரண்டாம் வழி, ஆண்டு முழுதும் தங்கி, கொண்டுவரும் பணத்தைக் கட்டுப்படுத்துவது. ஓய்வு விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. மாதம் 65,000 பாட் ஓய்வூதியம் கொண்டுவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,80,000. இதில் செலவுக் கழிவு 1,00,000, சொந்தக் கழிவு 60,000. மீதி 6,20,000-க்கு வரி 45,500 பாட். 65 வயது நிறைந்தவருக்கு 1,90,000 கூடுதல் விலக்கு உண்டு. அவர் கட்ட வேண்டியது 20,500 மட்டுமே. சொந்த நாட்டில் வரி கட்டியிருந்தால் ஒப்பந்தத்தின்படி அதுவும் கழியலாம். அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி போன்ற சில ஓய்வூதியங்களுக்கு தாய்லாந்து வரியே கிடையாது.

2023 டிசம்பர் 31 வரை ஈட்டிய பணத்துக்கும் வரி இல்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அன்றைய வங்கி இருப்பு அறிக்கையை எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கில் புதுச் சம்பளத்தையோ வட்டியையோ கலக்காதீர்கள். கலந்துவிட்டால் எது பழையது என்று பிரித்துக்காட்ட முடியாமல், மொத்தமும் கேள்விக்குள்ளாகும். ஏடிஎம்மில் எடுப்பதையும் கொண்டுவந்த பணமாகவே கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது எல்டிஆர் விசா: 10 ஆண்டு, கட்டணம் 50,000 பாட். செல்வந்தர், செல்வ ஓய்வூதியர், தாய்லாந்திலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணிபுரிபவர் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஓய்வூதியருக்கு 50 வயதும், ஓய்வூதியம், வட்டி போல உழைக்காமல் வரும் வருமானம் ஆண்டுக்கு 80,000 டாலரும் வேண்டும். வருமானம் 40,000 டாலராவது இருந்தால் தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீடு செய்து ஈடுகட்டலாம். இந்த விலக்கைத் தரும் அரசாணை முந்தைய வரியாண்டில் ஈட்டிய வருமானத்தைப் பற்றித்தான் பேசுகிறது. எனவே இந்த ஆண்டுப் பணத்தை அடுத்த ஆண்டு கொண்டுவருவதே பாதுகாப்பு. மேலே சொன்ன 65,000 பாட் ஓய்வூதியருக்கு இந்தத் தகுதி எட்டாது. ஆண்டுக்கு 30 லட்சம் பாட் கொண்டுவருபவருக்கோ வரி விகிதம் 30 சதவீதத்தைத் தொடுவதால் முதல் ஆண்டிலேயே கட்டணம் மீண்டுவிடும்.

பணம் கட்டி உறுப்பினராகி நீண்டகாலம் தங்கும் தாய்லாந்து பிரிவிலேஜ் விசாவுக்கு எந்த வரிச் சலுகையும் இல்லை.

வரி கட்ட வேண்டியவர்கள் பகுதி வருவாய் அலுவலகத்தில் வரி எண் வாங்கி, பி.என்.டி. 90 அல்லது 91 என்ற வருமான வரிப் படிவத்தை மார்ச் 31-க்குள் தர வேண்டும். தாமதித்தால் கட்டாத வரிக்கு மாதம் 1.5 சதவீதம் கூடும். ஒப்பந்தக் கழிவு கேட்பவர்கள் சொந்த நாட்டில் வரி கட்டிய சான்றை முன்பே வாங்கி வையுங்கள். அது கைக்கு வரவே மார்ச் கடந்துவிடக்கூடும்.